பத்து நிமிடத்துக்குள் பதில்

பஸ் மதுரை போய்ச் சேரும் வரை என் போன் அடிக்கடி முனகும் சார், தொந்தரவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அணைத்து வைக்க முடியாது. நான் நூலகர். வாசகரிடமிருந்து கேள்வி வந்தால் பத்து நிமிடத்துக்குள் பதில் போட வேண்டும். மேலிடத்து உத்தரவெல்லாம் இல்லை, நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். நாலு வருடமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

பையில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தானே கேட்டீர்கள்? ஆமாம், நாளைக்கு மதுரையில் நூலகர்களுக்குப் பயிற்சி முகாம். சமூக வலைத்தளங்கள் வழியே வாசகர் சேவை. அதில் முக்கால் மணி நேரம் என் பேச்சு. பெயர் சங்கரலிங்கம். நெடுங்கரைக் கிளை நூலகம். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், சின்ன ஊர். ஆனால் எங்கள் முகநூல் பக்கத்தை ஒன்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். ஊரில் மொத்தம் இருப்பதே ஏழாயிரம் பேர்.

நான் அங்கே மாற்றலாகிப் போன புதிதில் ஒரு நாளைக்குப் பதினொரு பேர் வருவார்கள் சார். ஒன்பது பேர் பேப்பருக்கு. இரண்டு பேர் மின்விசிறிக்கு. புத்தகம் எடுக்க ஆள் இல்லை. நான் என்ன செய்தேன், புதுப் புத்தகம் வந்தால் அட்டையைப் படம் எடுத்துப் பக்கத்தில் போட்டேன். 'எனக்கு எடுத்து வையுங்க' என்று எழுதினால் போதும், பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிச் செருகி வைத்துவிடுவேன். அப்புறம் வாட்ஸாப் குழு ஆரம்பித்தேன். அப்புறம் கேள்வி பதில். மாட்டுக்கு வயிறு ஊதினால் எந்தப் புத்தகத்தில் பார்ப்பது, பட்டாவில் பெயர் மாற்ற எங்கே மனு எழுதுவது, எதை வேண்டுமானாலும் கேளுங்கள். பத்து நிமிடம்.

பேப்பர் விஷயத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் அனந்தகிருஷ்ணன் என்று ஒருவர். முழங்கால் வலி. காலையில் குழுவில் கேட்பார், "பேப்பரை நம்ம செல்லச்சாமி வச்சிருக்கானா?" நான் போடுவேன், "வைத்திருக்கிறார். விளையாட்டுப் பக்கத்தில் இருக்கிறார்." "முடிச்சதும் சொல்லும், கிளம்பறேன்." இது ஊருக்கே பழக்கமாகிவிட்டது. செல்லச்சாமி பெண்டாட்டி கேட்பாள், "அந்த மனுசன் அங்கதான் இருக்காரா?" நான் எட்டிப் பார்த்துவிட்டு, "இருக்கிறார், தூங்குகிறார்." அவ்வளவுதான், குழு முழுக்கச் சிரிப்புப் பொம்மை. பிள்ளை டியூஷனுக்குப் போகாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறானா என்று அம்மாமார் கேட்பார்கள். சொல்வேன். யார் உள்ளே இருக்கிறார்கள், எப்போது வருவார்கள், எப்போது போனார்கள். ஊருக்கே நான்தான் வருகைப் பதிவேடு. ஒரு கட்டத்தில் மேலதிகாரியே கூப்பிட்டுச் சொன்னார், "சங்கரலிங்கம், உம்ம நூலகத்துக்கு உயிர் வந்துடுச்சுய்யா."

உயிர் வந்தது உண்மைதான். பதினொரு பேர் நூற்று இருபது பேர் ஆனார்கள்.

மணி என்ன சார்? மூணு இருபதா? சரி. ஒன்றுமில்லை, நாலு மணிக்கு ஒரு செய்தி வரும். தினமும் வரும். அதைப் பற்றி நாளைக்குப் பேசப் போவதில்லை. உங்களிடம் சொன்னால் என்ன, நீங்கள் யாரோ, நான் யாரோ.

கோகிலா என்று ஒரு பெண். இருபத்து மூன்று வயது இருக்கும். போன வருடம் ஆடிக்கு அப்புறம் வந்து உறுப்பினர் ஆனாள். பேச்சு நம் பக்கத்துப் பேச்சு இல்லை, மேற்குச் சீமை. புருஷன் அறிவழகன் எங்கள் ஊர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டினான். அவன் வேலைக்குப் போனதும் அவளுக்குப் பொழுது போகாது. சரியாக நாலு மணிக்கு நான் கதவைத் திறக்கும்போது வாசலில் நிற்பாள். செருப்பை ஓரமாக, ஜோடி சேர்த்து, வெளியே பார்த்த மாதிரி விடுவாள். மற்றவர்கள் எல்லாம் உதறிவிட்டு வருவார்கள். கிராம நிர்வாக அலுவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அப்படிப் படிக்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஒரே மாதத்தில் முப்பத்தோரு புத்தகம்.

தாலியை உள்ளே போட்டிருப்பாள். புது ஆள் யாராவது உள்ளே வந்தால் எழுந்து அலமாரிக்குப் பின்னால் போய்விடுவாள். கூச்ச சுபாவம் என்று நினைத்தேன். அதற்கு மேல் நான் என்னத்தை நினைப்பது? நூலகத்துக்கு வந்த ஒரு பிள்ளை கூச்சப்பட்டால் அதில் துப்பு துலக்க நான் போலீசா?

மாதம் ஒரு சிறந்த வாசகரைப் படம் எடுத்துப் பக்கத்தில் போடுவேன். அந்த மாதம் அவள்தான், போட்டியே இல்லை.

"போட்டோ எல்லாம் வேண்டாங் சார்" என்றாள்.

"ஏம்மா, நல்ல விஷயந்தானே. நாலு பொம்பளப் பிள்ளைங்க பாத்துட்டுப் படிக்க வரும்."

"பேரு மட்டும் போட்டுக்குங்களேன். இல்லாட்டிப் பேரும் வேண்டாங் சார்."

அப்புறம் நான் வற்புறுத்தியதும் எழுந்து நின்றாள். புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். கண் மட்டும் தெரிகிறது. நான் சொன்னேன், "கொஞ்சம் இறக்கும்மா, முகம் தெரியட்டும். உன் புஸ்தகத்த யாரும் பிடுங்கிட மாட்டாங்க." பக்கத்து மேஜைப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். இறக்கினாள். நல்ல படம் சார். ஆயிரத்து நூற்று நாற்பது பேர் விருப்பம் போட்டார்கள். அதற்கு முன்னாலும் அதற்குப் பின்னாலும் எங்கள் பக்கத்தில் எந்தப் படத்துக்கும் அத்தனை வந்ததில்லை.

இரண்டாம் நாள் படத்துக்குக் கீழே ஒரு கேள்வி. 'அன்புத் தோழி' என்று கணக்கின் பெயர், ரோஜாப் பூப் படம். எனக்கு இன்னும் வரி வரியாக நினைவிருக்கிறது. 'இது எங்க கோகிதானே? என்கூடப் படிச்சவ. பார்த்து ஒரு வருஷம் ஆச்சு. திடீர்னு வந்து நின்னு அவளை ஆச்சரியப்படுத்தணும். எப்போ வருவான்னு சொல்ல முடியுமா சார்?'

நான் ஏழு நிமிடத்தில் பதில் போட்டேன். 'அன்புத் தோழிக்கு வணக்கம். தினமும் மாலை நான்கு மணிக்கு வருவார், எங்கள் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை தவிர. நூலகம் பேருந்து நிலையத்தின் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில். தாங்களும் உறுப்பினராகலாம்.'

கேட்டார்கள், சொன்னேன். அனந்தகிருஷ்ணன் வாத்தியார் கேட்டால் சொல்லவில்லையா? செல்லச்சாமி பெண்டாட்டி கேட்டால் சொல்லவில்லையா?

நாலு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, மூன்றே முக்காலுக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஒரு அம்மா மட்டும் இறங்கி வந்தார். ஐம்பது வயது, நல்ல பட்டுச் சேலை, நெற்றி நிறையக் குங்குமம். இரண்டு ஆண்கள் காரிலேயே இருந்தார்கள். "கொஞ்ச நேரம் உக்காந்துக்கலாங்களா?" என்றார். அன்றைக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே கதவைத் திறந்து, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வார இதழ் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், புரட்டவில்லை.

நாலு மணிக்குக் கோகிலா வந்தாள். செருப்பை ஜோடி சேர்த்து விட்டாள். உள்ளே ஒரு காலை வைத்தாள். பார்த்தாள்.

அந்த அம்மா எழுந்துகூட நிற்கவில்லை. "வா கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது சார். அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. நான், உங்களிடம் மறைப்பானேன், சிரித்தேன். அம்மாவையும் மகளையும் சேர்த்து வைத்துவிட்டோம் என்று எனக்குச் சந்தோஷம். போனைக்கூடக் கையில் எடுத்தேன், இரண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கலாமே என்று. அதற்குள் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பேசிட்டு வர்றேனுங் சார்" என்று கோகிலா சொன்னாள். பை, நோட்டு எல்லாம் மேஜையில். கார்க் கதவு சாத்துகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது.

ஏழு மணிக்கு நூலகத்தைப் பூட்டும்போதுதான் பார்த்தேன். செருப்பு அங்கேயே இருந்தது. வெறுங்காலோடு போயிருக்கிறாள்.

ஒன்பது வாரம் ஆகிறது. செருப்பு இன்னும் வாசலில்தான் இருக்கிறது. கூட்டுகிற அம்மா அதைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போகிறாள். "எடுத்து உள்ள வைக்கட்டா சார்?" என்று ஒரு தடவை கேட்டாள். வேண்டாம் என்றேன். எடுத்து உள்ளே வைத்தால் என்ன அர்த்தம்? தூக்கிப் போட்டால் என்ன அர்த்தம்? மழை பெய்தது, வார் வெளுத்துவிட்டது. நாலு மணிக்குக் கதவைத் திறக்கும்போது தினமும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. ஒரு நாள் யாரோ பிள்ளைகள் விளையாட்டில் இடறி, ஒரு செருப்பு உள்ளே பார்த்துத் திரும்பியிருந்தது. அன்றைக்கு நான் கதவைத் திறக்காமல் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்விட்டு வந்தேன்.

விஷயம் அப்புறம்தான் எனக்கே தெரிந்தது. வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம். இவன் வேறு ஆள், அவர்கள் வேறு ஆள். நாலு ஊர் மாறி எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார்கள். ஒரு வருடம் யார் கண்ணிலும் படவில்லை.

போலீசில் இருந்து வந்து கேட்டார்கள். யார் வந்தது? ஒரு அம்மா, இரண்டு ஆண்கள். கார் எண்? கவனிக்கவில்லை. "அவங்களுக்கு இந்த இடம் எப்படிய்யா தெரிஞ்சுது?" "தெரியலங்க" என்றேன். பொய் இல்லை சார். அந்த அன்புத் தோழியும் அந்த அம்மாவும் ஒரே வீடு என்று எனக்கு எப்படித் தெரியும்? தோழி நிஜமாகவே தோழியாக இருக்கலாம் இல்லையா? அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் கேள்வியையும் என் பதிலையும் அழித்தேன். பக்கத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வதும் நூலகர் வேலைதான்.

அன்புத் தோழியையா? இல்லை, நீக்கவில்லை. வாசகர் யாரையும் நீக்குவதில்லை என்பது என் கொள்கை. இப்போதும் நான் எது போட்டாலும் முதல் விருப்பம் அந்த ரோஜாப் பூதான். நேற்றுப் புது அகராதி வந்திருக்கிறது என்று போட்டேன். அரை நிமிடம் ஆகவில்லை, ரோஜாப் பூ. அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்து எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி. சில நாள் யாரும் வராத நேரத்தில் எதையாவது போட்டுப் பார்ப்பேன், வருகிறதா என்று. வரும்.

நாலு மணிச் செய்தி என்று சொன்னேனே, அது அவளுடைய புருஷன். அவள் போன மறுநாளிலிருந்து பக்கத்துக்குச் செய்தி அனுப்புகிறான், சரியாக நாலு மணிக்கு. 'இன்னைக்கு வந்தாளா சார்?' வேறு ஒரு எழுத்துக் கிடையாது. நான் பத்து நிமிடத்துக்குள் பதில் போடுவேன். 'வரவில்லை.' வெள்ளிக்கிழமையும் கேட்பான். விடுமுறை என்று போட எனக்கு மனசு வராது. வெள்ளிக்கிழமையும் 'வரவில்லை' என்றே போடுவேன். அறுபத்து நாலு தடவை போட்டிருக்கிறேன்.

நேரில் பார்த்தால் நல்ல பையன். என்னைக் குறை சொன்னதே இல்லை. "நீங்க மட்டுந்தான் சார் அவள ஒரு மனுஷியா நெனச்சு மரியாத குடுத்தீங்க" என்று ஒரு தடவை சொன்னான். 

இப்போது உயர் நீதிமன்றக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட்டிருக்கிறான். அவளைப் பெற்றவர்கள் என்ன சொல்கிறார்களாம்? மகள் எங்கே இருந்தாள் என்றே ஒரு வருடமாகத் தங்களுக்குத் தெரியாது, நெடுங்கரை என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை, வந்தது தாங்கள் இல்லை என்று. நான் பார்த்த அந்த அம்மா அவளைப் பெற்ற அம்மாவே இல்லை என்கிறார்கள். நாளைக்குக் காலையில் மனு விசாரணை. போன வாரம் அறிவழகன் கேட்டான், "அந்தப் போட்டோவுக்குக் கீழ யாராவது ஏதாவது எழுதியிருந்தாங்களா சார்? காப்பி இருந்தா வக்கீல் கேக்குறாங்க."

காப்பி இருக்கிறது, இன்றைக்குச் சாயங்காலம் மதுரையில் அவன் கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதுதான் என் தலைவலி.

நாளைக்குப் பேசுவதற்காக நல்ல கேள்வி, நல்ல பதில் எல்லாம் ஏற்கெனவே படம் பிடித்து வைத்திருந்தேன். பதினாலாவது பக்கம், 'வாசகர் கேள்விக்கு ஏழே நிமிடத்தில் பதில்.' அதை எடுத்துவிட்டு மாட்டுக்கு வயிறு ஊதின கேள்வியைப் போட்டுவிட்டேன். ஆனால் படம் போனில் இருந்தது. இரண்டு விதமாக அச்செடுத்தேன். சட்டைப்பையில் இருப்பது கேள்வி மட்டும், கீழே இருந்ததை வெட்டிவிட்டேன். இந்த உறையில் இருப்பது முழுசு, என் பதிலோடு.

எனக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் சார். என் பதில் நீதிமன்றத்துக்குப் போனால் முதலில் தற்காலிகப் பணி நீக்கம். அதைவிட, எங்கள் ஊர் என்ன சொல்லும்? 'அந்தப் பிள்ளையைக் காட்டிக் கொடுத்தவன்.' நான் காட்டிக் கொடுத்தேனா? நீங்கள் பொது ஆள், சொல்லுங்கள். கேள்வி மட்டும் இருந்தால் போதாதா? அந்தக் கணக்கு யாருடையது என்று கண்டுபிடித்துக்கொள்ளட்டுமே.

ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். சரி. நல்லதுதான்.

இதோ, நாலு மணி. வந்துவிட்டது பாருங்கள்.

இன்றைக்கு வேறு மாதிரி எழுதியிருக்கிறான். நீளமாக இருக்கிறது. கண்ணாடி எங்கே வைத்தேன்... இருங்கள், வாசிக்கிறேன்.

'சார், கிளம்பியிருப்பீங்கன்னு நினைக்கிறேன். முழுசாக் கொண்டு வாங்க. உங்க பதிலும் வேணும். கேள்வி மட்டும் இருந்தா யாரோ சும்மா கேட்டாங்கன்னு சொல்லிடுவாங்க, பதில் இருந்தாத்தான் அவங்களுக்கு இடமும் நேரமும் தெரியும்னு ஆகும்னு வக்கீல் சொல்றாங்க. நீங்க அதை அழிக்கிறதுக்கு முன்னாடியே நான் படிச்சுட்டேன் சார். படம் பிடிக்கத் தோணலை. நீங்களே சொல்வீங்கன்னுதான் தினமும் கேட்டுட்டு இருந்தேன்.'

அறுபத்து நாலு தடவை சார்.

தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறான். அவன் அவளைப் பற்றிக் கேட்கவே இல்லை, என்னைக் கேட்டிருக்கிறான். நான் ஒவ்வொரு நாளும், வரவில்லை, வரவில்லை என்று...

கொஞ்சம் ஜன்னலைத் திறங்கள். காற்று வரட்டும்.

என்ன எழுதுவது? 'கொண்டு வருகிறேன்' என்று எழுதினால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். உறையைக் கையில் கொடுத்துவிட்டு நான் கண்ணை எங்கே வைத்துக்கொள்வேன்? அவன் திட்டினால்கூடப் பரவாயில்லை. திட்ட மாட்டான். 'தேங்க்ஸ் சார்' என்பான். அதுதான் என்னால் ஆகாது.

மணி நாலு பதினெட்டு. பதில் போடவில்லை. போகட்டும்.

அடுத்தது திருமங்கலம்தானே? நான் அங்கே இறங்கிக்கொள்கிறேன் சார். தங்கச்சி வீடு இருக்கிறது, இன்றைக்கு ராத்திரி அங்கே தங்கிவிட்டுக் காலையில் முகாமுக்குப் போய்க்கொள்கிறேன். நீங்கள் மதுரைதானே? ஒரு உபகாரம் செய்ய வேண்டும். மறுக்காதீர்கள்.

இந்த உறை. முழுசுதான், பிரித்துப் பாருங்கள், என் பதில் இருக்கிறதா? இருக்கிறது. சட்டைப்பையில் இருந்ததை இதோ கிழித்துவிட்டேன். இதை அவனிடம் சேர்த்துவிடுங்கள். நேரில் கையில் கொடுங்கள். நான் கொடுத்ததாக... சொல்லவே வேண்டாம், தாளைப் பார்த்தாலே அவனுக்குத் தெரியும்.

என்ன கேட்டீர்கள்? எங்கே நிற்பானா? மாட்டுத்தாவணியில், ராஜபாளையம் வண்டி நிற்கிற இடத்துக்கு எதிரில் ஜூஸ் கடை இருக்கிறது, அங்கே. ஐந்தரையிலிருந்து நிற்பான். ஒல்லியாக, உயரமாக இருப்பான். வலது கை ஆள்காட்டி விரலில் பாதி இருக்காது, மெஷினில் போனது. படம் வேண்டுமா? இதோ, போன வருடம் நூலக வார விழாவில் எடுத்தது, பின்னால் நிற்கிறவன்தான். உங்கள் எண்ணைச் சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன்... வந்துவிட்டதா? நல்லது.

கூட யாராவது வருவார்களா என்றா கேட்கிறீர்கள்? தனியாகத்தான் வருவான். நாலு மாதத்துக்கு முன்னால்கூட அவனுக்கு நண்பர்கள் இருந்தார்கள், இப்போது யாரும் கூட வருவதில்லை, பயம். மூன்று நாளைக்கு ஒரு இடமாக மாறிக்கொண்டிருக்கிறான். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். அங்கே இல்லாவிட்டாலா? இன்றைக்கு ராத்திரி வக்கீல் ஆபீஸ் மாடியில் இருப்பான். கோர்ட்டுக்கு எதிர்ப்புறம், மருந்துக் கடைக்கு மேலே, வெளியே படி இருக்கிறது. விசாரணை முடிகிற வரைக்கும் அங்கேதான். அவன் இல்லாவிட்டால் மனுவே இல்லையாம், அதனால் வக்கீல் பத்திரமாக வைத்திருக்கிறார். அவன் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்... கடைசி நாலு எண் ஏழு ஏழு மூன்று ஒன்று.

மனசு லேசாகிவிட்டது சார். ஒன்பது வாரத்தில் இன்றைக்குத்தான் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறேன்.

நடத்துநர் கூப்பிடுகிறார், வருகிறேன். இவ்வளவு பேசியும் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை பாருங்கள். எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. இருக்கட்டும். அவனைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை சார்.